மூன்றாவது தாளில் ஒரு புள்ளி

என் அண்ணன் மகள் முதன்முதலாக ஒரு கார் வாங்கியபோது அவளுக்குத் துணையாகப் போனவள் நான். அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு நாற்பத்தைந்துக்கு மேல். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவும் வராது. இருந்தாலும் என்னைத்தான் அனுப்பினார்கள். அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லை.

அண்ணன் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், வெள்ளானூர்ப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டிருந்த வெட்டவெளியில், சிநேகிதர் ஒருவரின் காரை வைத்து மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். விளையாட்டாகத்தான். அதுவே பிழைப்பாகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. கால் போன பிறகு ஒரு நாள் அவள் முகப்பேருக்குப் போய், ஹவுசிங் போர்டு வீடுகளில் படி ஏறி இறங்கி, ஒன்பது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டி வருவதாகத் தாய்மார்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் வாசலில் வண்டி வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாய்மார்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் அம்பத்தூரில் எங்கள் வீட்டு அடுப்புக்கு என் ஊசி ஒன்றுதான்.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்துகளை ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறேன். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயிடமிருந்து தலையணை உறையும் கைக்குட்டையும் வரும். கல்யாணத்துக்குக் கொடுக்கிற உறையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் பூவேலையாகப் போட்டுத் தர வேண்டும். பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். எனக்கு அது எழுத்து இல்லை, உருவம். ஒரு கொக்கி, ஒரு மாங்காய், ஒரு கொடி. சீட்டைப் பார்த்து முதலில் பென்சிலால் துணியில் வரைவேன். கோடு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு புள்ளி வைப்பேன். நூலை அந்த இடத்தில் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு வெட்ட வேண்டும் என்பதற்கு அது அடையாளம். வேலை அதிகமாக வந்தால் நான் வரைந்து கொடுக்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் தைப்பார்கள். அவர்களும் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் முடிப்பார்கள்.

"முடிச்சு இல்லாத வேலை திரும்பி எங்கிட்டதாம்மா வரும்" என்பார் பாய். இருபது வருஷம் அப்படிப் புள்ளி வைத்த கை என்னுடையது.

வண்டி பார்க்கக் கிளம்பிய அன்று அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே எனக்குப் பாடம் நடத்தினார்.

"போனதும் பானெட் மேல உள்ளங்கைய வை. சூடாருந்தா திரும்பி வந்துடு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ரெடி பண்ணிக்கீறான்னு அர்த்தம். கீழ குனிஞ்சு ஆயில் சொட்டிக்கீதா பாரு. கால் வெக்கிற ரப்பர் தேஞ்சிருக்கும், மீட்டர் கம்மியா காட்டும். அப்ப அவன் பொய் சொல்றான்."

"இத்தெல்லாம் நான் பாக்க மாட்டனா நைனா? அத்தே எதுக்கு?" என்றாள் அவள்.

"நீ வண்டியப் பாத்ததும் ஓட்டணும்னு பறப்ப. உங்க அத்தே நின்னு பாக்கும்."

ஆவடியில் பார்த்த முதல் வண்டியின் பானெட் தோசைக்கல் மாதிரி சுட்டது. நான் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அப்படியே திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது வண்டி அம்பத்தூரிலேயே, எஸ்டேட் பக்கம். அது சூடாக இல்லை. ஆனால் இடது பக்கக் கதவின் வெள்ளையும் மற்ற இடத்து வெள்ளையும் வேறு வேறு. ஒன்று பால் வெள்ளை, ஒன்று அரிசி கழுவின தண்ணீர். நூல் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும். அவள் காதில் சொன்னேன்.

"அந்தம்மா இன்னா சொல்லுது?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"ஒரு பக்கம் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிச்சிக்கீறீங்கன்னு சொல்லுது."

"கண்ணா அது? பூதக்கண்ணாடி கணக்கா கீது" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மூன்றாவது வண்டியைக் காட்டியவர் பூந்தமல்லியில் லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதிவிட்டுப் பிறகு புரோக்கராகிவிட்ட ஒருவர். வண்டி நசரத்பேட்டையில் இருந்தது. பெங்களூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தோம். நடக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஒரே புள்ள அவங்களுக்கு. இருபத்தாறு வயசு. ஆசையா வாங்கி பத்து மாசம் ஓட்டினான். மஞ்சக்காமாலை. பத்தே நாளு. அதோட நின்னுபோன வண்டிதான். மூணு வருசமாகுது. வண்டியில ஒண்ணும் ஆவல, ஆஸ்பத்திரியிலதான். அதனால தோசம் கீசம்னு நெனைக்காத."

"நான் ஒண்ணும் நெனைக்கல அண்ணாத்தே. வண்டி ஓடுனா சரி" என்றாள் அவள்.

வாசல் நிலைக்கு மேலே சிலுவை வைத்த வீடு. பக்கத்தில் வாதாமரத்தின் அடியில், தார்ப்பாய் போட்டு மூடி, அம்பாசிடர் நின்றிருந்தது. வீட்டுக்காரர், இறந்த பையனின் அப்பா, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கை லேசாக நடுங்கும். அவர்தான் தார்ப்பாயை விலக்கினார். மூன்று வருஷம் நின்ற வண்டி என்றால் தூசி, சருகு, எலி என்று நான் நினைத்திருந்தேன். ஒரு துளி தூசி இல்லை. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சக்கரங்கள்தான் காற்றில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தன.

"நின்ன வண்டி மாதிரி இல்லியே சார்" என்றாள் அவள்.

"சனிக்கிழமையானா கழுவிடுவா" என்று அவர் வீட்டுப் பக்கம் தாடையைக் காட்டினார். ஜன்னலில் யாரும் இல்லை. ஆனால் திரை அப்போதுதான் விழுந்தது போல ஆடிக்கொண்டிருந்தது.

நான் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். சித்திரை வெயிலிலும் அந்த இரும்பு சில்லென்றிருந்தது. மர நிழல்தான் காரணம். அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கால் ரப்பர் புதிதாக இருந்தது. மீட்டரும் குறைவாகக் காட்டியது. பொய் எதுவும் இல்லை. முன்பக்கப் பலகையில் இருந்த சின்னப் பெட்டியை அவள் திறந்தாள். உள்ளே ஒரு சீப்பு. அதில் இரண்டு மூன்று முடி. அவள் மூடிவிட்டாள்.

இரண்டாம் முறை போனபோது அண்ணனின் பழைய கூட்டாளியான ஒரு மெக்கானிக்கும் வந்தார். வேறு பேட்டரி வைத்து, காற்றடித்து, பெட்ரோல் ஊற்றி, என்னென்னவோ கழற்றித் துடைத்து மாட்டினார். அவள் ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று தடவை இருமி, நாலாவது தடவை வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் வந்ததுதான் தாமதம், வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. முகத்தில் இருந்ததை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. யாரையோ வரவேற்க ஓடி வருகிற முகம் அது. வாசல் வரை வந்து, ஸ்டியரிங்கின் பின்னால் என் அண்ணன் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பையன் உயரமானவன் போல. சீட் ரொம்பப் பின்னால் இருந்தது. இவளுக்குக் கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தேடிக் கையை விட்டாள்.

"சீட்ட தள்ளாத" என்றாள் அந்த அம்மா.

"தள்ளலன்னா கால் எட்டாதும்மா."

"தள்ளாத."

அவ்வளவுதான். வண்டியை நிறுத்தியதும் அந்த அம்மாவே வந்து சாவியை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கணவர் எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இதக் குடுத்துடணும்னுதான் இருக்கு. பாக்கப் பாக்க நெஞ்சு அடைக்குது. அவதான் ஒத்துக்க மாட்டேங்கறா. சாவி அவகிட்ட. அவளா அவுத்துக் குடுத்தாதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் அண்ணன் மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. "அந்த வண்டிதான் அத்தே. வேற எத்தையும் நான் பாக்கப் போறதில்ல" என்றாள். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டால் கால் எட்டும் என்று அவளே கணக்கும் போட்டுவிட்டாள்.

மூன்றாம் முறை புரோக்கர் ஃபாரங்களை எடுத்து வந்தார். வண்டியைப் பெயர் மாற்ற விற்கிறவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள், மொத்தம் மூன்று. ஆர்.சி. புத்தகம் இன்னும் பையன் பெயரிலேயே இருந்தது. அவன் இறந்துபோனதை அவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கவில்லை. முறைப்படி செய்ய வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், தாலுகா ஆபீசில் அலைய வேண்டும், மாசக்கணக்கில் ஆகும்.

"அதுக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்து அரைப்பரீட்சை வந்துடும்" என்றார் புரோக்கர். "எல்லாரும் பண்றதுதான் சார். லைசென்ஸ்ல தம்பி கையெழுத்து கீது. அத்தப் பாத்து நீங்களே போட்டுடுங்க. ஆபீஸ்ல இருக்கறவனுக்கு இருக்காரா இல்லியான்னு இன்னா தெரியும்?"

பெரியவர் பேனாவை எடுத்தார். லைசென்சைப் பார்த்தார். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். கை நடுங்கி அது எங்கேயோ போனது. இன்னொரு தடவை. பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் போடட்டா?" என்றார் புரோக்கர்.

"நீ போடக் கூடாது." சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மாவின் குரல். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "எம்புள்ள பேர நீ எழுதக் கூடாது."

வெளியே ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் என் அண்ணன் மகள் சொன்னாள்.

"எங்க அத்தே போடும். அத்தே எத்தப் பாத்தாலும் அப்படியே வரையும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தாள். அந்த வீட்டுக்கு மூன்று முறை போயிருந்தும், அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும், சொன்னதைச் செய்வதற்கு வேண்டாம். அந்த அம்மா லைசென்சை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் தரையில் உட்கார்ந்து, ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சின்னக் கொக்கி. மேலே எழுந்து வளைகிற ஒரு கழுத்து. பிறகு நீண்டு ஓடி, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிற ஒரு வால். முதல் தாளில் மெதுவாக வரைந்தேன். இரண்டாவது தாளில் இன்னும் சுலபமாக வந்தது. மூன்றாவது தாளில் லைசென்சைப் பார்க்கவே இல்லை. கை தானாகப் போனது. வால் முடிந்த இடத்தில் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு இறங்கி ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுந்தது.

அது என் தொழில் பழக்கம். நூல் இங்கே முடிகிறது என்கிற புள்ளி. முதல் இரண்டில் கவனமாக இருந்தேன், மூன்றாவதில் கவனம் தப்பிவிட்டது. தாள் கெட்டுவிட்டதே என்று பயந்து நிமிர்ந்தேன்.

அந்த அம்மா என் தோளுக்கு மேல் குனிந்திருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"இந்தப் புள்ளிய யாரு வெக்கச் சொன்னா உன்ன?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"லைசென்ஸ்ல இல்ல. பெரியவனானதும் உட்டுட்டான். பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப பேரு எழுதிட்டு கடைசில ஒரு புள்ளி வெப்பான். அழுத்தி வெச்சு நோட்டு ஓட்டையாயிடும். வாத்தியார்ட்ட அடி வாங்கினு வருவான்." கணவர் பக்கம் திரும்பினாள். "இது எப்படித் தெரியும் இவங்களுக்கு? சொல்லுங்க. எப்படித் தெரியும்?"

பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பி அவள் கையிலேயே கொடுத்தார்.

நான் சொல்ல நினைத்தேன். அம்மா, அது என் வேலைப் பழக்கம், தலையணை உறையில் முடிச்சுக்கு வைக்கிற புள்ளி. இவ்வளவுதான், நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன் என்றுதான் ஞாபகம். அந்த நேரம் என் காலை ஒரு கால் மிதித்தது. என் அண்ணன் மகள். பிறந்ததிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைவதைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாதா அந்தப் புள்ளி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மட்டும் என் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கமான முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியை என் அண்ணன் மகளின் கையில் வைத்து, "சீட்ட மட்டும் தள்ளிடாதம்மா" என்றாள்.

"தள்ள மாட்டேன்மா. தலாணி வெச்சுக்கறேன்."

அன்று அவள் வண்டியை ஓட்டி வந்தாள். நான் பக்கத்தில். பூந்தமல்லி தாண்டியதும் கூப்பிட்டாள்.

"அத்தே."

"ம்."

"சொல்லிடாத."

"பாவம்டி."

"பாவந்தான். சொன்னா மட்டும் அவங்க புள்ள வந்துடுமா? வண்டிதான் போவும்." கொஞ்ச தூரம் போன பிறகு, குரலை இறக்கி, "நீதானே வெச்ச, அந்தப் புள்ளிய?" என்றாள்.

"நான்தான்" என்றேன். அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று அப்புறம் பல நாள் யோசித்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒன்பது பிள்ளைகளும் ஏறினார்கள். முகப்பேரில் அவளை 'காரக்கா' என்றார்கள். முதுகுக்கு வைத்துக்கொள்ள நான் ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். பெயர் மாற்றமும் சிக்கல் இல்லாமல் ஆகிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பக்கத்தில் அவன் பெயர், அடுத்த பக்கத்தில் இவள் பெயர். இறந்து மூன்று வருஷமான ஒருவன் நல்ல நினைவோடு இவளுக்கு வண்டியை விற்றதாக அரசாங்க முத்திரை அதில் இருந்தது. அந்தப் புத்தகத்தை நான் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு என் துணிகளை வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்த நாளிலிருந்து என் கை மாறிவிட்டது. உறையில் பெயரை வரைவேன். கோடு முடியும் இடத்துக்குப் பென்சில் வந்து நிற்கும். கீழே இறங்காது. வைத்துப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் விரல் விறைத்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்கள், "எங்கக்கா முடிக்கறது, புள்ளியக் காணமே" என்று கேட்பார்கள். பார்த்து முடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு தடவை மணப்பெண் பெயர் போட்ட உறை ஒன்று கடைக்குத் திரும்பி வந்தது. துவைத்ததும் நூல் பிரிந்து கடைசி எழுத்தே இல்லாமல் போயிருந்தது. பாய் அதை விரித்துக் காட்டி, "திரும்பி வந்துடுச்சு பாத்தியாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த உறையை நான் கையால் தொடவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பூந்தமல்லியில் பஸ் மாறி வந்திருந்தாள். பையில் ஒரு பழைய துண்டு, ஒரு சோப்புக் கட்டி.

"வண்டியத் தொடச்சுட்டுப் போயிடறேன்" என்றாள்.

என் அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா கூரையிலிருந்து ஆரம்பித்து, கண்ணாடி, கதவு, சக்கரத்தின் உள்பக்கம் வரை துடைத்தாள். கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். தலையணையைத் தூக்கி, சீட் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, தலையணையைத் திரும்ப வைத்தாள். வீட்டுக்குள் வா என்றால் வரமாட்டாள். வாசலில் நின்றே தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் வலது கையைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

மாதம் ஒரு தடவையாவது வருவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பறம் வந்தானா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். அவளுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே அண்ணன், "யாரைப் பத்திக் கேக்குது அந்தம்மா?" என்றார். "வண்டியப் பத்தி" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். பழகிக்கொண்டது.

எத்தனையோ சனிக்கிழமைகள். அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன், அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன் என்றே போனது. வண்டி எங்களுடையதாகிவிட்ட பிறகு சொல்ல என்ன தடை? இவள்கூட ஒரு நாள், "வேணும்னா சொல்லிடு அத்தே, இனிமே இன்னா?" என்றாள். என்னால்தான் முடியவில்லை. சனிக்கிழமை காலையில் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது சில சமயம் அந்தச் சில்லென்ற பானெட்டில் கையை வைப்பேன். எங்கள் வாசலில் வாதாமரம் கிடையாது. வெயில் நேராக விழுகிற இடம் அது.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகளுக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளைகள் ஏறி இறங்கி வண்டிச் சீட்டெல்லாம் கிழிந்து, இரண்டு தடவை உறை மாற்றியாகிவிட்டது. முன் சீட்டை மட்டும் அவள் தள்ளவில்லை. கொடுத்த வாக்குக்காகவா, பழகிவிட்டதாலா, கேட்டதில்லை. ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மா இரண்டு மூன்று மாதம் வரவில்லை. பிறகு அவள் கணவர் தனியாக வந்தார். படுத்துவிட்டாள் என்றார். "வண்டிய ஒரு தடவ கொண்டாரச் சொல்றா. உங்களையும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். இந்த முறை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேதான் போனேன். சாகக் கிடக்கிறவளிடம் பொய்யை விட்டு வைக்கக் கூடாது என்று என் மனதில் இருந்தது. என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று, வண்டி ஒவ்வொரு பஸ் நிறுத்தமாகத் தாண்டத் தாண்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாதாமரத்தின் அடியில், பழைய இடத்திலேயே, என் அண்ணன் மகள் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்க வேண்டாம், ஓடட்டும் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். அவள் வண்டியிலேயே இருந்தாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

ஜன்னலோரம் கட்டில். அந்த அம்மா ஒரு கைப்பிடியாகச் சுருங்கிப்போயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள். லைசென்சைத் தரவில்லை. அது தேவையில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"அம்மா" என்றேன். "ஒண்ணு சொல்லணும்."

"எழுதிட்டு சொல்லு."

ஐந்து வருஷத்தில் அந்தக் கையெழுத்தை நான் ஒரு முறைகூட வரைந்ததில்லை. கொக்கி வந்தது. கழுத்து வந்தது. வால் நீண்டு ஓடி, மேலே தூக்கி நின்றது. பேனாவும் அங்கேயே நின்றது. கீழே இறங்கவில்லை. இறங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் கைக்கு அந்தப் பழக்கம் போய் எத்தனை காலம் ஆயிற்று. இப்படியே தாளைக் கொடுத்துவிட்டால் போதும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம், அவளே பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைக்காகத் தெருவைப் பார்த்து நிற்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தடவை அந்தப் புள்ளியை நான் வைக்கவில்லை, அதுவாக விழுந்தது. இந்த முறை நான் வைத்தேன். விறைத்த விரலை இடது கையால் பிடித்து அழுத்தி, தாளில் ஓட்டை விழுகிற அளவுக்கு அழுத்தி வைத்தேன்.

அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்த ஓட்டையின் வழியாக ஒரு பொட்டு வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள்.

"இன்னாமோ சொல்லணும்னியே" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"சரி. அந்தப் பொண்ணாண்ட சொல்லு, சீட்ட தள்ளிக்கட்டும். இனிமே வேண்டியதில்ல."

வெளியே வந்து சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையணையை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காலை உதைத்துத் தள்ளிப் பார்த்தாள். சீட் அசையவே இல்லை.

"துருப்புடிச்சிக்கீது அத்தே. எத்தினி வருசம்" என்றாள். கையை நீட்டினாள். தலையணையைக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வாரம் அந்த அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்தது. என் அண்ணன் மகள் வண்டியை அப்புறமும் ஆறேழு வருஷம் அந்தத் தலையணையை வைத்தே ஓட்டினாள். எத்தனையோ மெக்கானிக்குகள் அந்தச் சீட்டோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. நானும் அந்த நாளுக்குப் பிறகு தைப்பதை விட்டுவிட்டேன். கண் சரியில்லை என்று பாயிடம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என் கை எதை வரைந்தாலும், ஒரு பூவை வரைந்தாலும்கூட, கடைசியில் ஓட்டை விழும்படி அழுத்தி ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்தது.